அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் அணைத்துவிடுங்கள்

செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு வருகிற காலை எலக்ட்ரிக் ட்ரெயினில் இப்போதெல்லாம் நிம்மதியாகத் தூங்க முடிவதில்லை. கூட்டம் அதற்குக் காரணம் இல்லை. நின்றபடியே கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கத் தெரிந்தவர்கள் இந்தத் தடத்தில் நிறையப் பேர் உண்டு. ஒரு பெட்டிக்கு நாலைந்து பேராவது ஃபோன் ஸ்பீக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு ரீல்ஸ் பார்க்கிறார்கள், அதுதான் காரணம். ஒரு சினிமாப் பாட்டின் இரண்டு வரி, அது முடிவதற்குள் விரல் தள்ளிவிடுகிறது, அடுத்து ஒருவர் சர்க்கரை நோய்க்குக் கைவைத்தியம் சொல்ல ஆரம்பிக்கிறார், அவரையும் முடிக்க விடுவதில்லை, உடனே ஒரு சிரிப்பு, எல்லா ஃபோனிலும் எல்லா நாளும் கேட்கிற அதே பதிவு செய்த சிரிப்பு. எதிர் சீட்டில் சுப்ரபாதம். வாசல் பக்கம் யாரோ துப்பாக்கி கேம் ஆடுகிறார். இதற்கு நடுவில் ஒருவர் கல்யாணப் பத்திரிகையில் யார் பேர் விட்டுப்போச்சு என்று ஸ்பீக்கரில் சண்டை போடுகிறார், அந்தப் பக்கத்துச் சித்தப்பாவின் பதிலும் நமக்குக் கேட்கிறது.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கூடுவாஞ்சேரியில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்குகிறவன் நான். இந்த வண்டி எனக்குப் பிடிக்கும். அதனால்தான் கோபம்.

எலக்ட்ரிக் ட்ரெயின் என்றைக்கு அமைதியாக இருந்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931இலிருந்து மின்சார வண்டி ஓடுகிறது, அது ஒருநாளும் தியான மண்டபமாக இருந்ததில்லை. சமோசா, சுண்டல், கொய்யாப்பழம், பத்து ரூபாய்க்கு மூன்று பேனா என்று ஒரு கடைத்தெருவே உள்ளே நடக்கும். சீட்டாடுகிற கோஷ்டி ஒன்று தினமும் அதே மூலையில் இருக்கும். தோளில் ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு பார்வையற்ற பாடகர் ஒருவர் பழைய பாட்டுப் பாடிக்கொண்டே வருவார். இவை எதுவும் என்னை உறுத்தியதே இல்லை, யோசித்துப் பார்த்தால் காரணமும் புரிகிறது. அவர் பாட்டு அவருக்குப் பிழைப்பு, அதுவும் ஒரு பெட்டியில் ஒரு பாட்டுதான், அப்புறம் நகர்ந்துவிடுவார். சமோசாக்காரர் இரண்டு தடவை கூவிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். கோயம்புத்தூர், திருப்பூர், சேலம் பக்கத்துத் தனியார் டவுன் பஸ்களில் பாட்டு அலறுவதைக்கூட ஒருவிதத்தில் இதோடு சேர்க்க முடியாது. பஸ் முழுக்க ஒரே பாட்டு, பிடிக்கவில்லை என்றால் கண்டக்டரிடம் "அண்ணா, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்று சொல்லலாம், சொல்வதற்கு ஓர் ஆள் இருக்கிறார்.

ஃபோன் ஸ்பீக்கர் விஷயத்தில் பிரச்சினை வேறு. அந்தக் குட்டி ஸ்பீக்கருக்குக் கீழ்ஸ்தாயி ஓசையைத் தரும் அளவுக்கு உடம்பு கிடையாது. அதிலிருந்து வருவதெல்லாம் நடுவிலும் மேலேயும் இருக்கிற கீச்சுச் சத்தம்தான். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000லிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைக்குமான ஓசையை, இந்த ஸ்பீக்கர் கத்துவதும் பெரும்பாலும் அங்கேதான். ரயிலின் தடதடப்பு பெரும்பாலும் அதற்குக் கீழே ஓடுகிற கனத்த ஓசை, அதை மூளை கொஞ்ச நேரத்தில் ஒதுக்கி வைத்துவிடும். இதை ஒதுக்க முடிவதில்லை. போதாததற்கு, சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்பதை எத்தியேன் லொம்பார் என்கிற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதிவிட்டார். பெட்டியில் நடப்பதும் அதுதான். ஒருவர் ரீல்ஸைக் கூட்டினால் பக்கத்தில் பேசுகிறவர் குரலைக் கூட்டுகிறார், அவர் குரல் கூடியதும் முதல் ஆள் இன்னும் இரண்டு புள்ளி ஏற்றுகிறார், சைதாப்பேட்டை வருவதற்குள் எல்லோரும் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அரைகுறையாகக் கேட்பது இன்னும் மோசம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிலர் ஓர் ஆராய்ச்சி செய்து 2010இல் வெளியிட்டார்கள். ஃபோனில் பேசுகிற ஒருவரின் பாதிப் பேச்சு மட்டும் காதில் விழும்போது, இரண்டு பேர் பேசுவதை முழுதாகக் கேட்பதைவிட நம் கவனம் அதிகமாகச் சிதறுகிறது என்று அதில் தெரியவந்தது. அடுத்து என்ன சொல்வார் என்பதை மூளை ஊகிக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும், விடவே விடாது. ரீல்ஸும் அதே மாதிரிதான் வேலை செய்கிறது என்பது என் எண்ணம். எதுவும் முடிவதில்லை. பாட்டு பல்லவியோடு அறுகிறது, ஜோக் பாதியில் நிற்கிறது, நமக்கு வேண்டாத அந்த ஜோக்கின் மீதிக்காக நம் காது காத்திருக்கிறது.

இதில் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். நைட் டியூட்டி முடித்துவிட்டுக் காலையில் எழும்பூரில் ஏறித் தாம்பரம் பக்கம் போகிற நர்ஸ்களுக்கு அந்த முக்கால் மணி நேரம்தான் தூக்கம், வீட்டுக்குப் போனால் சமையலும் பிள்ளைகளும். டிஎன்பிஎஸ்சி குறிப்புகளை மடியில் வைத்து அடிக்கோடு போட்டுக்கொண்டே வருகிற பிள்ளைகளுக்கு இந்த வண்டிதான் படிக்கிற அறை, பல பேர் வீட்டில் தனி அறை கிடையாது. நாலு மணிக்கு எழுந்து, சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்துவிட்டு ஓடி வந்து ஏறுகிற பெண்கள், அன்றைக்கு முதல் தடவையாக உட்காருவதே லேடீஸ் கம்பார்ட்மென்டில்தான். அந்த ஒரு மணி நேரம் அவர்களுடையது. யாரோ ஒருவர் கையில் வைத்திருக்கிற கருவி அதை எடுத்துக்கொள்கிறது, கேட்காமலே எடுத்துக்கொள்கிறது.

போன மாதம் ஒருநாள் சாயங்காலம் பல்லாவரம் தாண்டும்போது ஓர் அக்கா பக்கத்துப் பையனிடம், "தம்பி, தலை வலிக்குதுப்பா, கொஞ்சம் குறைச்சுக்கிறியா?" என்றார். பையன் ஒரு வார்த்தை பேசாமல் அணைத்துவிட்டான், "சாரிக்கா" என்றான். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். சின்னப் பசங்களில் பலருக்குத் தன் ஃபோன் மற்றவர்களுக்குக் கேட்கிறது என்பதே உறைப்பதில்லை, சொன்னால் உடனே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இன்னொரு நாள், கிட்டத்தட்ட என் வயதுக்காரர் ஒருவரிடம் நான் "சார், கொஞ்சம் இயர்ஃபோன் போட்டுக்குங்களேன்" என்று சொன்னதற்கு வந்த பதில்: "இது என்ன உங்க வீட்டு வண்டியா? கஷ்டமா இருந்தா கார் புக் பண்ணிப் போங்க சார்."

அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் சொன்னதன் பொருள், அமைதி வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கு என்பதுதானே? கார் வைத்திருப்பவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டே போகலாம். சீசன் டிக்கெட்டில் போகிறவனுக்கு அது கிடையாதா? இருக்கிற எல்லோரையும்விட இந்த வண்டியில் வருகிறவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. 2025 ஏப்ரலிலிருந்து இதே தடத்தில் ஏசி வண்டியும் ஓடுகிறது. சாதாரண வண்டியைவிடப் பல மடங்கு கட்டணம். ஜன்னல் மூடியிருப்பதால் வெளிச்சத்தம் குறைவு, அதனாலேயே ஒரே ஒரு ஃபோன் பெட்டி முழுக்கக் கேட்கிறது. காசு கொடுத்தும் வாங்க முடியவில்லை.

1979இல் சோனி நிறுவனம் முதல் வாக்மேனை விற்றபோது அதில் இரண்டு ஹெட்ஃபோன் மாட்டுகிற மாதிரி இரண்டு துளை வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகப் படும் என்று அதன் தலைவர் அகியோ மொரிட்டா நினைத்ததால்தான் அது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டனும் இருந்தது, அதை அழுத்தினால் பாட்டுச் சத்தம் தணிந்து, பக்கத்து ஆள் பேசுவது மைக் வழியாகக் காதில் விழும். பக்கத்து ஆளை நினைத்துக் கருவி செய்தார்கள். இங்கே எல்லாம் மாறியது 2016 செப்டம்பரை ஒட்டி. அந்த மாதம்தான் ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீர் மாதிரி ஆக்கியது, அதே மாதம் ஆப்பிள் தன் புது ஐஃபோனிலிருந்து ஹெட்ஃபோன் துளையை எடுத்தது, அப்புறம் மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக எடுத்தன. ஃபோன் வாங்கும்போது அதன் அட்டைப்பெட்டிக்குள் இலவசமாக வந்துகொண்டிருந்த இயர்ஃபோனும் நின்றுபோனது. பார்க்க வீடியோ குவிந்தது, கேட்க வயர் இல்லை. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்ததும் அடுத்த மாதமே ரீல்ஸ் வந்துவிட்டது. சத்தத்தோடு தானாக ஓடி, முடிந்ததும் தானாகவே மறுபடி ஓடுகிற மாதிரி அதை அமைத்தவர்களும் இந்தக் குற்றத்தில் பங்குதாரர்கள்தான். சத்தம் இல்லாமல் ஆரம்பி, வேண்டுமென்றால் கூட்டிக்கொள் என்று வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. காது மந்தமான பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இயர்ஃபோன் மாட்டத் தெரியாது, மாட்டினாலும் நிற்காது. பேரன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறார் என்றால் கேட்டுவிட்டுப் போகட்டும், அரை நிமிஷம்தான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் பையோடு நிற்கிற பெண் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுவதையும் நான் புகார் சொல்ல மாட்டேன். இயர்ஃபோன் போட்டால் காது கெட்டுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல், அதைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, தடதடக்கிற வண்டியில் அதைத் தாண்டுவது சுலபம். சரி, அப்படியானால் எழுத்து ஓடுகிற வீடியோவாகப் பாருங்கள், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் காதைக் காப்பாற்றிக்கொள்ள அறுபது பேர் காதைப் பலி கேட்பது எப்படி நியாயம்? காசு இல்லை என்கிற பேச்சும் எடுபடாது, அதே வண்டியில் நூறு ரூபாய்க்குள் இயர்ஃபோன் கூவி விற்கிறார்கள்.

விதி இல்லாமல் இல்லை. ரயிலில் இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் பாட்டுப் போடவோ உரக்கப் பேசவோ கூடாது என்று ரயில்வே 2022 ஜனவரியில் அறிவித்தது. 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 145ஆம் பிரிவு, மற்றவர்களுக்குத் தொல்லை கொடுப்பவரை வண்டியிலிருந்து இறக்கிவிடவே இடம் தருகிறது. பேருந்துக்கு 2021 நவம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் இப்படி ஓர் உத்தரவு போட்டது. 2023 ஏப்ரலில் மும்பையில் பெஸ்ட் பேருந்துகளிலும் ஹெட்ஃபோன் இல்லாமல் எதையும் சத்தமாகப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் இருக்கிறார். எலக்ட்ரிக் ட்ரெயின் பெட்டியில் யார் இருக்கிறார்? டிக்கெட் பரிசோதகர் எப்போதாவது வருவார், காவலர் ராத்திரியில் லேடீஸ் பெட்டிக்கு வருவார். ரயில்வே உதவி எண் 139க்கு அடித்துப் புகார் சொல்லலாம், யாராவது வந்து பார்ப்பதற்குள் கிண்டியில் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள்.

அதனால் நான் ரயில்வேயிடம் கேட்பது சின்ன விஷயம்தான். "அடுத்த நிலையம் பரங்கிமலை" என்று அறிவிப்பு வருகிற வண்டிகளில் அதோடு ஃபோன் ஸ்பீக்கரை அணையுங்கள் என்று ஒரு வரி சேர்க்கட்டும். அப்புறம், பெட்டிக்குள் வாசலுக்கு மேலே கடன், மூலவியாதி, பகுதி நேர வேலை என்று யார் யாரோ ஒட்டிவிட்டுப் போகிற ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் தமிழில், தூரத்திலிருந்தே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில், ஃபோன் ஸ்பீக்கரில் பாட்டு, வீடியோ போடக் கூடாது என்று ஒட்டட்டும். அதைப் பார்த்து எல்லோரும் திருந்திவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தலைவலியோடு நிற்கிற ஓர் அக்கா அதைக் கைகாட்டிப் பேசலாம், "உங்க வீட்டு வண்டியா" என்று யாரும் அவரைத் திருப்பிக் கேட்க முடியாது. கோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், இந்த வாரம் தபாலில் போடுகிறேன். இந்தத் தடத்தில் வருகிறவர்கள் நீங்களும் ஒன்று எழுதுங்கள்.