வளையாத வில்

மூன்றாவது முறையும் எம்பிக் குதித்தேன். ஸ்பிரிங் அசையவே இல்லை.

நான் மாட்டியிருந்தது ஜம்பிங் ஸ்டில்ட்ஸ், அதாவது விளையாட்டுக்காகக் காலில் கட்டிக்கொண்டு குதிக்கும் பொய்க்கால். காலுக்குப் பின்னால் வில் மாதிரி வளைந்த ஃபைபர்கிளாஸ் ஸ்பிரிங். நம் எடை அதை அமுக்கும், அது நிமிரும்போது நம்மைத் தூக்கிவிடும். எனக்கோ மரக்கட்டையில் நிற்பது போலிருந்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் முழங்கால் வரை ‘டங்’கென்று அதிர்ச்சி வேறு.

நண்பன் குனிந்து ஸ்பிரிங்கில் எழுதியிருந்ததைப் படித்தான்: 80–100 கிலோ.

நான் 64.

கெட்டியான ஸ்பிரிங் என்றால் இன்னும் உயரம் போகலாம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். தப்புக் கணக்கு. வளைந்தால்தானே திருப்பித் தரும்?

அவனுடையதை மாட்டிக்கொண்டேன். முதல் குதியிலேயே ஸ்பிரிங் மெல்ல உள்வாங்கியது. அப்புறம் தரை விலகியது.

அதற்காக ரொம்ப மெலிதாக எடுத்தாலும் வம்புதான். அளவுக்கு மீறி மடங்கி ஒருநாள் முறியலாம். ஹெல்மெட், முட்டிக்காப்பு எல்லாம் சேர்த்தே எடை பார்க்க வேண்டுமாம். நன்றாகப் பழகியவர்கள் ஒரு படி கெட்டியாக எடுப்பதுண்டு. நான் இன்னும் சுவரைப் பிடித்துத்தான் எழுகிறேன்.

80–100 ஜோடி சும்மா கிடக்கிறது. எடை பொருந்துகிறவர்கள் சொல்லுங்கள்.