பலா காய்ந்தால் வீணை: பண்ருட்டியிலிருந்து தஞ்சாவூருக்கு

பண்ருட்டிப் பக்கம் பலாவைப் பலகைக்காக யாரும் வளர்ப்பதில்லை, பழத்துக்காகத்தான். காய்ப்பு ஓய்ந்தாலோ புயலில் சாய்ந்தாலோதான் ரம்பம் பக்கத்தில் வரும். 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய ‘தானே’ புயல் இந்தச் செம்மண் பூமியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு பிடுங்கிப் போட்டது. அதில் தப்பிய ஒரு மரம் என் மாமாவின் கொல்லையில் நின்றது. அவருடைய அப்பா வைத்தது. அடியில் உளுத்து வீட்டுப் பக்கம் சாய ஆரம்பித்ததால் சில வருடங்களுக்கு முன் வெட்ட வேண்டியதாயிற்று. விறகு வியாபாரி வந்து விலை கேட்டார், மாமா தரவில்லை. பேத்தி வீணை கற்றுக்கொள்கிறாள், அவளுக்கு இந்த மரத்தில்தான் வீணை என்று சொல்லிவிட்டார்.

அறுத்த துண்டுகளைப் பழைய மாட்டுக்கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார். தரையில் படாமல் கீழே செங்கல், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே காற்றுப் போக ரீப்பர் கட்டைகள். இரண்டு முனைகளிலும் மிச்சமிருந்த பச்சைப் பெயிண்ட் தடித்துக் கிடந்தது. போன மாசியில் அதில் இரண்டு துண்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குக் கிளம்பினோம்.

வடலூர், சேத்தியாத்தோப்பு தாண்டி அணைக்கரையில் டீ. கொள்ளிடத்தில் மணல்தான் அதிகம் தெரிந்தது. மாமா வழியெல்லாம் தாத்தா மரம் வைத்த கதையையே சொல்லிக்கொண்டு வந்தார். கும்பகோணத்துக்கு அப்புறம் நான் தூங்கிவிட்டேன்.

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். இன்றைய வீணையில் தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகள், அதாவது குறுக்குக் கட்டைகள், நிலைபெற்றது 17ஆம் நூற்றாண்டில், ரகுநாத நாயக்கர் காலத்தில் என்பார்கள். நாங்கள் போன பட்டறையில் இந்தப் பெருமையெல்லாம் சுவரில் ஒரு காலண்டர் அளவுக்குக்கூட இடம் பிடிக்கவில்லை. மரச்சீவல், உளிச் சத்தம், மூலையில் வரிசையாகக் குடங்கள், அதாவது வீணையின் உருண்டையான வயிற்றுப் பகுதிகள். பாதி குடைந்த நிலையில், கொத்திய தழும்போடு, நிழலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

பட்டறைக்காரர் முதலில் கேட்டது, “ஐயா, எந்த மாசம் வெட்டினீங்க?” என்றுதான். தை கடைசி என்றார் மாமா. அவர் தலையாட்டிவிட்டு விரல் முட்டியால் துண்டைத் தட்டினார். பக்கத்திலிருந்த பழைய துண்டு ஒன்றையும் தட்டிக் காட்டினார். பழையது கணீரென்றது. எங்களுடையதில் ஓசை எழும்பி உடனே அமுங்கியது. “இன்னும் தண்ணி இருக்கு. வெளியில காஞ்சிருக்கு, உள்ள காயல.”

மரத்துக்குள் இரண்டு விதமாகத் தண்ணீர் இருக்கிறது. செல்களின் குழிவுக்குள் சும்மா நிற்பது ஒன்று, செல் சுவரோடு ஒட்டியிருப்பது இன்னொன்று. முதலாவது சீக்கிரம் போய்விடும், அது போகும்வரை மரம் சுருங்குவதே இல்லை. உலர்ந்த மரத்தின் எடைக்கு ஈரம் கிட்டத்தட்ட 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர்த் தண்ணீர் வெளியேறத் தொடங்குகிறது. வம்பெல்லாம் அதற்கப்புறம்தான். மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய சுருக்கத்தைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. அதனால்தான் நட்டநடுப் பகுதியோடு உருட்டாக விட்ட மரம் எங்காவது ஓரிடத்தில் பிளந்தே தீரும். பலகையாக அறுத்தாலும், ஒரு முகத்தில் மட்டும் வெயில் பட்டால் அப்பளம் போல வளைந்துவிடும்.

மாமாவின் பச்சைப் பெயிண்டைப் பட்டறைக்காரர் மெச்சினார். வெட்டுமுனை வழியாகத் தண்ணீர் வெளியேறும் வேகம் பக்கவாட்டைவிடப் பத்து மடங்குக்கும் மேல். முனையை அடைக்காவிட்டால் அது முதலில் சுருங்கி, உள்ளே சுருங்காத மரத்தோடு மல்லுக்கட்டி வெடித்துவிடும். மெழுகும் பூசலாம், பெயிண்டும் பூசலாம்.

அந்தக் குடங்களைக் கவிழ்த்து வைத்திருந்ததன் காரணமும் இதுதான். முழுக் கட்டையாகக் காயவைத்தால் உள்ளே ஈரம் வருடக்கணக்கில் நிற்கும். பச்சையிலேயே தோராயமாகக் குடைந்துவிட்டால் கனம் குறைகிறது, இரண்டு பக்கமும் காற்று படுகிறது. கொஞ்சம் கோணினாலும் பிறகு செதுக்கிச் சரிசெய்ய, சுவரைத் தடிப்பாக விட்டிருப்பார்கள். அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது மரவேலைக்காரர்களின் பொதுவான கணக்கு. மாமாவின் துண்டுகளோ ஆறு அங்குலக் கனம்.

சூளையில் வைத்துச் சீக்கிரம் காயவைக்கலாமே என்று கேட்டேன். மெதுவாகச் செய்தால் சரி. அவசரப்பட்டால் மேல்தோல் இறுகிவிடும், உள்ளே இழுவிசை தங்கிவிடும். பார்க்க நன்றாக இருக்கும், உளி வைத்துக் குடையும்போதுதான் பட்டென்று வாய் பிளக்கும்.

கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாதான் வீணைக்கு உசத்தி என்று ஒரு நம்பிக்கை உண்டு. மாமா ஆவலோடு, எங்கள் தெருக்கோடியில் பிள்ளையார் கோயில் இருக்கிறது என்றார். பட்டறைக்காரர் சிரித்தாரே தவிர மறுக்கவில்லை. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால் கோயிலை ஒட்டிய மரத்தை யாரும் இளசிலேயே வெட்டமாட்டார்கள், அதனால் வைரம் நன்றாகப் பாய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு காய்ந்தால் போதும் என்பது வீணை எங்கே வாழப்போகிறது என்பதைப் பொறுத்தது. மரம் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும், ஐப்பசி மழையில் திரும்பக் குடிக்கும். நம் ஊர்க் காற்றுக்குப் பழகிய வீணை, குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அமெரிக்க வீட்டுக்குப் போனால் மறுபடி சுருங்கும். அங்கே ஒட்டு விடுவதும் கீறல் விழுவதும் இதனால்தான்.

கடைசியில் தீர்ப்பு. ஒரே கட்டையில் குடையும் ஏகாண்ட வீணைக்கு இந்த மரம் உதவாது, அந்தப் பருமனுக்கு உளுத்த பக்கமும் சேர்ந்து வரும். குடம், தண்டி எனும் நீளக் கழுத்து, அதன் முனையில் வரும் யாளித் தலை இவற்றைத் தனித்தனியாகச் செய்து சேர்க்கும் ஒட்டு வீணை என்றால் ஒரு துண்டில் தண்டி எடுக்கலாம். இன்னொன்றின் ஓரத்து வெள்ளையில் ஊசித் துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தன. வண்டு. “அதை மத்ததோட சேத்து அடுக்காதீங்க.” குடத்துக்கு அவரிடம் காய்ந்து கிடக்கும் பலாவையே போட வேண்டும்.

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. தாத்தா மரத்தில் முழு வீணை என்றல்லவா கணக்குப் போட்டிருந்தார். பட்டறைக்காரர் தண்டித் துண்டில் சாக்பீஸால் கோடு போட்டு, பச்சையிலேயே அளவுக்கு மேல் வைத்து அறுத்துத் தருவதாகவும், இன்னொரு மழைக்காலம் தாண்டி எடுத்து வரும்படியும் சொன்னார். அதுவரை மாதாமாதம் தராசில் வைத்து எடை எழுதி வையுங்கள், எடை இறங்காமல் நின்றால் போன் போடுங்கள் என்றார். மளிகைக் கடைத் தராசு போதுமா என்று மாமா கேட்டார். போதுமாம்.