கடவுச்சொல்லை மாற்றியும் தீராத சிக்கல்

"அண்ணே, பேங்க் அக்கவுண்ட் மாத்திட்டீங்களா?" என்று திருப்பூரிலிருந்து பழைய வாடிக்கையாளர் போனில் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுப்பது என் தொழில். பில்லெல்லாம் ஜிமெயிலில்தான் போகும். முந்தின நாள் புதுக் கணக்கு எண்ணோடு என் பெயரில் ஒரு பில் வந்ததாம். 18,500 ரூபாய் அனுப்பிவிட்டார். மனசு கேட்காமல் காலையில் கூப்பிட்டிருக்கிறார்.

இரண்டு வாரம் முன்பே எனக்குச் சந்தேகம் வந்திருந்தது. யாருடைய ரத்தப் பரிசோதனை முடிவோ, யார் வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டண ரசீதோ என் மெயிலுக்கு வந்துகொண்டிருந்தன. கணக்கை யாரோ திறந்துவிட்டார்கள் என்று பயந்து கடவுச்சொல்லை மாற்றினேன். அதோடு விட்டது என்று நம்பிவிட்டேன்.

முதலில் பணத்தைப் பார்த்தோம். இணையப் பண மோசடிக்குப் புகார் சொல்லும் 1930 என்ற எண்ணுக்கு அவரையே உடனே பேசச் சொன்னேன். பணம் போனது அவர் கணக்கிலிருந்துதான். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணும் அவரிடம்தான் இருந்தது. அவருடைய வங்கியிலும் சொல்லி வைத்தார்.

அப்புறம் அக்கா மகளைக் கூப்பிட்டேன். "மாமா, போன்ல தெரியாது, கம்ப்யூட்டர்ல திறங்க. செட்டிங்ஸ்ல ஃபில்டர் இருக்கும் பாருங்க" என்றாள். நான் ஒருநாளும் போகாத இடம். அங்கே ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வாடிக்கையாளர் முகவரியிலிருந்து எது வந்தாலும் இன்பாக்ஸுக்கு வராமல், படித்ததாகக் குறிக்கப்பட்டு, எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்கும் ஒரு பிரதி போகும்படி வைத்திருந்தார்கள். கடவுச்சொல் மாறினாலும் ஃபில்டர் அழியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

'ஆல் மெயில்' பகுதியைத் திறந்தால், முந்தின நாள் மதியம் அவர் எனக்கு எழுதியது கிடந்தது: "புது அக்கவுண்ட்தானா? கன்ஃபர்ம் பண்ணுங்க." அதற்கு "ஆமாம்" என்று பதில் போயிருக்கிறது, என் முகவரியிலிருந்து அல்ல. அந்தப் பதிலை அவர் படமெடுத்து அனுப்பியிருந்தார், அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் முகவரியில் 'எம்' இருக்கும் இடத்தில் ஆங்கில 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றன. கண்ணாடி போட்டும் இரண்டு முறை படித்த பிறகே வித்தியாசம் தெரிந்தது. அவர் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்?

ஃபில்டரை அழித்தேன். ஃபார்வர்டிங் பகுதியில் இருந்த அந்த முகவரியையும் நீக்கினேன். கணக்கில் நுழைந்திருந்த தெரியாத கருவிகளை வெளியேற்றி, கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டேன். போன் கையில் இல்லாதபோது நுழைய அது கொடுத்த 10 மாற்றுக் குறியீடுகளையும் தாளில் எழுதிக் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பழைய கடவுச்சொல்லை வேறு இரண்டு தளங்களிலும் வைத்திருந்தேன், அங்கேயும் மாற்றினேன்.

அந்த ரத்தப் பரிசோதனைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜிமெயில் முகவரியில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். என் பெயருள்ள யாரோ, நடுவில் ஒரு புள்ளி வைத்த முகவரியைத் தன்னுடையது என்று நினைத்து எல்லா இடத்திலும் கொடுத்திருக்கிறார். பரிசோதனைக் கூடத்துக்கும் பள்ளிக்கும் எழுதி விவரம் சொன்னேன். பள்ளியிலிருந்து வருவது நின்றுவிட்டது.

அவர் பணத்தில் ஒரு பகுதியை வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது. இன்னும் கைக்கு வரவில்லை. அந்த லேபிள்களை நான் நேற்றே அனுப்பிவிட்டேன்.