குன்னூர் வாடகையும் 3,390 ரூபாயும்

செகந்திராபாத்தில் இருந்தவரை என் வீட்டுக்காரர் (வாடகை வாங்குபவர் இல்லை, என்னைக் கட்டினவர்) சம்பளச் சீட்டில் வீட்டு வாடகைப் படி 10,170 ரூபாய் வந்துகொண்டிருந்தது. குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்கு மாற்றலாகி, சாமான்களை இறக்கிவைத்து, அடுத்த சீட்டைப் பார்த்தால் 3,390. தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று நான் குதிக்க, அவர் சாவகாசமாக டீயை ஆற்றிக்கொண்டு, "கணக்கு சரிதான்" என்றார்.

சரிதான். அதுதான் கடுப்பு.

அவர் ராணுவத்தில் ஹவில்தார், அடிப்படைச் சம்பளம் 33,900. படியை இதன்மேல் மட்டும்தான் போடுவார்கள். எம்எஸ்பி (ராணுவப் பணிக்கென்று தனியாகத் தரும் சம்பளம்) என்று மாதம் 5,200 வருகிறதே, அதற்கு அகவிலைப்படி உண்டு, வாடகைப் படி கிடையாது. நான் அதையும் சேர்த்துக் கூட்டி இரண்டு நாள் குழம்பியிருக்கிறேன். அப்புறம் ஊர். மத்திய அரசு ஊழியர்களுக்கு உள்ள அதே எக்ஸ், ஒய், இசட் பிரிவுதான் ராணுவத்துக்கும். சென்னை, ஹைதராபாத், பெங்களூரு மாதிரி 50 லட்சம் பேருக்கு மேல் இருக்கும் 8 நகரங்கள் எக்ஸ். கோவை, மதுரை, திருச்சி, சேலம் எல்லாம் ஒய். 5 லட்சத்துக்குக் கீழே இருந்தால் இசட். 2017-ல் 24, 16, 8 சதவீதம் என்று ஆரம்பித்து, அகவிலைப்படி 25 சதவீதத்தைத் தாண்டியதும் 27, 18, 9 ஆகி, 2024 ஜனவரியில் அது 50-ஐத் தொட்டதும் 30, 20, 10 ஆனது. செகந்திராபாத் ஹைதராபாத் கணக்கில் வரும், அதனால் 30. வெலிங்டனும் குன்னூரும் இசட், அதனால் 10.

ஆனால் குன்னூரில் வீடு தேடிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கொஞ்சம் நல்ல வீடு என்றால் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது படிக்கட்டு இறங்கிப் போகிற இரண்டு அறை, மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஓதம், துணி காய நாலு நாள், வாடகை 9,000. கையிலிருந்து போடுவது மாதம் 5,610. இந்தப் படி தலையை எண்ணுகிறதே தவிர வாடகையைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் சிப்பாய் வேலை பார்க்கிற இடத்தின் அஞ்சல் குறியீட்டை வைத்து, அந்தப் பக்கத்து வாடகையை வருடா வருடம் விசாரித்து, பதவி என்ன, குடும்பம் உண்டா என்று பார்த்துத் தொகை போடுகிறார்களாம். படித்தபோது கொஞ்சம் வயிறு எரிந்தது.

ஒரு விஷயத்தில் நம் ஆட்கள் பரவாயில்லை. அவர் ஃபீல்டில், அதாவது எல்லை மாதிரி இடங்களில், இருந்தபோது குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்பதால், நாங்கள் தங்குகிற ஊர்க் கணக்கில் படி வந்தது. மாமியார் கிராமத்துக்கு வா என்றார், நான் பிள்ளைகள் படிப்பைச் சொல்லித் திருச்சியில் இருந்துவிட்டேன். அப்போது கிராமம் என்றால் 9 சதவீதம், திருச்சிக்கு 18. படிக்காகத்தான் போனேன் என்று இன்றைக்கும் மாமியார் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வது சதவீதத்தை இல்லை, பார்ட் டூ ஆர்டரை, அதாவது இந்த மாதிரி மாற்றங்களைப் பதிந்து சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கு யூனிட் அனுப்பும் உத்தரவை. குவார்ட்டர்ஸ் கிடைத்த நாளோடு படி நிற்க வேண்டும், காலி செய்தால் மறுபடி தொடங்க வேண்டும், இரண்டுக்கும் அந்தக் காகிதம் போக வேண்டும். முன்பு ஒரு ஊரில் எங்களுக்கு குவார்ட்டர்ஸ் கிடைத்தும் ஆர்டர் எங்கேயோ தூங்கிவிட்டது. படி பாட்டுக்கு வந்தது, நாங்களும் கவனிக்காமல் செலவழித்தோம். ஐந்தாம் மாதம் விழித்துக்கொண்டு மொத்தத்தையும் ஒரே சம்பளத்தில் பிடித்தார்கள். சின்னவளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதம் அது, என் வளையல் ஒன்று அடகுக் கடைக்குப் போனது. காகிதத்தை அனுப்ப மறந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வரி பற்றியும் கேட்கிறார்கள். வாடகைப் படிக்கான விலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான். அதில் வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் வேண்டும். எங்களுடையது 1,08,000. நல்லவேளை, நாங்கள் புதிய முறையில் இருக்கிறோம், எங்கள் சம்பளத்துக்கு அதில் வரியே வராது. இல்லையென்றால் கீழ்வீட்டு அம்மாவிடம் போய் பான் கேட்டு நின்றிருக்க வேண்டும், ரசீது கேட்டதற்கே இரண்டு நாள் தண்ணீர் மோட்டார் போடவில்லை அவர்.

குவார்ட்டர்ஸ் வரிசையில் இப்போது 14-வது இடம். கிடைத்தால் அந்த 3,390-உம் நின்றுவிடும், நிற்கட்டும். சாவி வாங்குகிற தேதியை எழுத நாள்காட்டியில் பேனாவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.