ஆரஞ்சு கிரெட்ச்சும் நானும்: ஏப்ரல் டைரி

ஏப்ரல் 3

போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல வாங்குன கிதாருக்கு இன்னைக்குதான் புது கம்பி மாட்டுனேன். ஆரஞ்சு கலர், நடுவுல வயித்துல எஃப் மாதிரி ரெண்டு ஓட்டை, பேரு கிரெட்ச். ஆனா அந்தக் கம்பெனியோட பேர்போன 6120 மாடல் இல்ல, அதோட மலிவு தம்பி. பழைய 6120 வாங்கணும்னா என் கிட்னி ரெண்டையும் வித்தாலும் பத்தாது. இங்கிலாந்துல இந்த பாத் ஊருக்கு வேலைக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு, இத்தனை நாள் கழிச்சுதான் தெரியுது, இந்த கலர் மேல எனக்கு ஆசை வரக் காரணமான மனுஷன் செத்ததே இந்த ஊர்லதான்னு. எடி காக்ரன், அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர், கிதாரிஸ்ட். இங்க இருக்க செயின்ட் மார்ட்டின்ஸ் ஆஸ்பத்திரியில, 1960 ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறு. வயசு 21. அவரோட 6120, 1955ல செஞ்சது, மேல கால்நடைக்கு சூடு போட்ட மாதிரி பெருசா ஒரு ஜி இருக்கும், கௌபாய் மோகத்துல கம்பெனி போட்டது.

ஏப்ரல் 6

கடையில கிதார செட்டப் பண்ணக் கொடுத்தேன் (பேர் வேணாம்). நெக் (கழுத்து) பக்கத்து பிக்கப்ப, அதான் கம்பி அதிர்றத ஆம்ப்புக்கு சிக்னலா மாத்துற பாகத்த, மாத்தலாமான்னு கேட்டதுக்கு அந்தப் பையன் என்னவோ நான் கோயில் சிலைய ரம்பத்தால அறுக்கப் போற மாதிரி பாத்தான். வேல்யூ போயிடும் சார்னு ஒரே உபதேசம். என் கிதாருக்கு என்னடா பெரிய வேல்யூ!

சிரிப்பு என்னன்னா காக்ரன் அதையேதான் பண்ணாரு. அந்த மாடல்ல டைனசோனிக்னு ரெண்டு பிக்கப் வரும், சத்தம் கண்ணாடி மாதிரி பளிச்சுனு இருக்கும், நெக் பக்கத்துல அது அவருக்குப் பிடிக்கல போல, கழட்டிட்டு போட்டிக் கம்பெனி கிப்சனோட பி-90ய வச்சுட்டாரு. ரெண்டு பக்கமும் நாய்க்காது மாதிரி நீட்டிட்டிருக்குமே, அந்த டைப். அதுல சத்தம் கொஞ்சம் தடியா, தொண்டை கட்டின மாதிரி வரும். பிரிட்ஜ் பக்கத்துல, அதாவது கம்பி கீழ வந்து உக்கார்ற பக்கம், பழைய டைனசோனிக்க அப்படியே விட்டுட்டாரு. ஒரே கிதார்ல ரெண்டு வேற வேற குரல். அன்னைக்கு அது விண்டேஜ் இல்லையே, தொழில் பண்ற சாமான், வேணும்னா கழட்டுவான், வேணாம்னா தூக்கிப் போடுவான். இப்ப கிரெட்ச்காரங்களே காக்ரன் பேர்ல ஒரு மாடல் விக்கிறாங்க, அந்த நாய்க்காதையும் சேத்து. அப்ப கெடுத்தது இப்ப டிசைன் ஆயிடுச்சு.

ஏப்ரல் 9

ரெண்டு நாளா காக்ரனோட 'சம்மர்டைம் ப்ளூஸ்' (1958) பாட்டு ரிதம அந்த சத்தத்துலயே வாசிக்கணும்னு உயிர வாங்கிட்டு இருந்தேன், ஆம்ப்ல எல்லா குமிழையும் திருகிப் பாத்தாச்சு, வரவே இல்ல, கடைசியில ஹெட்ஃபோன் மாட்டி ஒழுங்கா கேட்டா... அது அக்கூஸ்டிக் கிதாருடா! ஒண்ணு மேல ஒண்ணா ஓவர்டப் பண்ணி அடுக்கியிருக்காரு, அந்தக் காலத்துலயே. எலக்ட்ரிக் பேஸ் தனியா உருமுது. அவர் பேரச் சொன்னாலே வர்ற பாட்டுல அவரோட பேர்போன கிதார் முன்னாடி வரவே இல்ல. ரெண்டு நாள் வேஸ்ட்.

ஏப்ரல் 12

காக்ரனோட ஆரஞ்சுக்காரி உண்மையா பேசுறது அவரோட 'எடிஸ் ப்ளூஸ்'லதான்னு தோணுது. பாட்டு இல்ல, வாசிப்பு மட்டும். கம்பிய இழுத்து இழுத்து அழ வைக்கிறாரு. அந்த இழுவைக்கும் ஒரு சூட்சுமம் இருக்கு. அப்ப மூணாவது கம்பி மேல சுருள் சுத்தி தடியா வரும், விரல் வச்சு வளைச்சா நகராது. இவரு அத எடுத்துட்டு சுருள் இல்லாத வெறுங்கம்பி போட்டுட்டாரு. 1960ல இங்கிலாந்து டூர் வந்தப்ப ஜோ பிரவுன், பிக் ஜிம் சல்லிவன் மாதிரி இங்கத்த கிதார் பசங்க அவர்கிட்ட இருந்து கத்துக்கிட்டது இதைத்தான். நான் சுருள் சுத்தின கம்பி ஒண்ணு வாங்கி மாட்டிப் பாத்தேன், அரை மணி நேரத்துல விரல் நுனி எரிய ஆரம்பிச்சுடுச்சு. இத்தனை வருஷமா பேரு தெரியாம அவர் புண்ணியத்துலதான் வாசிச்சிருக்கோம்.

அம்மா போன். விஷயத்த சொன்னேன். "செத்தவன் வாத்தியத்தப் பத்தி ராத்திரில என்னடா பேச்சு, சாப்டியா?"

ஏப்ரல் 16

வேலை முடிஞ்சு ட்ரெயின் பிடிச்சு சிப்பன்ஹாம் போனேன், பக்கத்து ஊர்தான். ஸ்டேஷன்ல இருந்து ரௌடன் ஹில் வரைக்கும் நடை. ரோட்டோரமா ஒரு நினைவுப் பலகை இருக்கு. 1960ல இதே தேதி, பிரிஸ்டல் ஹிப்போட்ரோம்ல கடைசி ஷோ முடிச்சுட்டு, லண்டன் போய் பிளேன் பிடிக்க வாடகைக் கார்ல கிளம்பியிருக்காங்க. ஃபோர்டு கான்சல். டிரைவரோட சேத்து அஞ்சு பேர். காக்ரன், அவர் காதலி ஷரன் ஷீலி (பாட்டு எழுதுறவங்க), கூட டூர் வந்த பாடகர் ஜீன் வின்சென்ட், டூர் மேனேஜர். நடுராத்திரி நெருங்குறப்ப இந்த மேட்டுல வண்டி கட்டுப்பாடு போய் விளக்குக் கம்பத்துல மோதிடுச்சு. காக்ரன் வெளிய தூக்கி எறியப்பட்டாரு. மறுநாள் சாயங்காலம் அவர் மட்டும் போயிட்டாரு, மத்த நாலு பேரும் பொழச்சுக்கிட்டாங்க. கிதாரும் பொழச்சுது.

நான் முட்டாள் மாதிரி எந்தக் கம்பமா இருக்கும்னு ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே நடந்தேன், அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதே கம்பமா நிக்கும்?

ஏப்ரல் 17

நேத்து தூக்கம் வரல. ஆக்சிடெண்ட்டுக்கு அப்புறம் கிதார போலீஸ் ஸ்டேஷன்ல வச்சிருந்தாங்க. அங்க டேவிட் ஹார்மன்னு ஒரு கேடட் (போலீஸ் ட்ரெயினிங்ல இருக்க பையன்), பொடியன், ஆள் இல்லாத நேரம் அத எடுத்து மீட்டிப் பாப்பானாம், அவரே பின்னாடி சொன்னது. அந்தப் பையன்தான் அப்புறம் டேவ் டீங்கற பாடகர் ஆகி 1968ல பிரிட்டன்ல நம்பர் ஒன் அடிச்சாரு. டி. ரெக்ஸ் பேண்ட் பாடகர் மார்க் போலன் கூட சின்ன வயசுல லண்டன் ஹாக்னி எம்பயர் தியேட்டர்ல இதே கிதார தூக்கிட்டுப் போய் கார்ல வச்சேன்னு சொல்லுவாரு, ஆனா அந்தாளு கதை விடுறதுல மன்னன், நான் நம்பல.

கேடட் கதைதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. ஸ்டேஷன்ல, ஆம்ப் இல்லாம, உள்ள கூடா இருக்கதால மெல்லிசா ஒரு சத்தம் வந்திருக்கும். என்னோடதும் அப்படித்தான் இருக்கும், ராத்திரி பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் பயந்து பிளக் போடாம வாசிக்கிறப்போ.

இப்ப அது அமெரிக்காவுல கிளீவ்லாந்து, ராக் அண்ட் ரோல் மியூசியத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு. நாய்க்காது பிக்கப்போட.

திங்கக்கிழமை வேற கடைக்குப் போய் பி-90 ஆர்டர் பண்ணிடப் போறேன்.