ஹோட்டல் பாயிண்ட்டைக் காசு கொடுத்து வாங்கலாமா?

ஹோட்டல் நிறுவனங்களின் உறுப்பினர் திட்டங்களில் பணத்துக்குப் பதில் பாயிண்ட் கொடுத்தும் அறை பிடிக்கலாம். அந்தப் பாயிண்ட்டைக் காசுக்கும் விற்கிறார்கள். ஹில்டனின் திட்டமான ஹில்டன் ஹானர்ஸில் 1,000 பாயிண்ட்டின் பட்டியல் விலை 10 டாலர், அதாவது ஒரு பாயிண்ட்டுக்கு ஒரு சென்ட். இந்த விலையில் வாங்கவே கூடாது. ஆண்டில் பலமுறை 100 சதவீத போனஸ் விற்பனை வரும், அதாவது வாங்கும் அளவுக்கு இன்னொரு பங்கு பாயிண்ட் இலவசம். அப்போது ஒரு பாயிண்ட் அரை சென்ட்டுக்குக் கிடைக்கும். 'இன்றே கடைசி நாள்' என்று மெயில் வந்தாலும் பதறத் தேவையில்லை, இந்த பஸ் போனால் அடுத்த பஸ் வரும். இன்னொரு ஹோட்டல் நிறுவனமான ஐ.எச்.ஜி-யிலும் இதே அரை சென்ட் விற்பனை அடிக்கடி உண்டு.

இந்த விலையை மற்ற நிறுவனங்களோடு ஒப்பிடுவதில் பயனில்லை. ஹயாத் பாயிண்ட் பட்டியல் விலையில் 2.4 சென்ட், மேரியட் 1.25 சென்ட். ஆனால் ஹயாத் ஒரு அறைக்குக் கேட்கும் பாயிண்ட் ஹில்டன் கேட்பதைவிட மிகக் குறைவு. அக்கோர் இன்னொரு ரகம்: 2,000 பாயிண்ட் என்றால் பில்லில் 40 யூரோ கழிவு, எந்த நாளாக இருந்தாலும் அதே மதிப்புதான். விலை நிலையாக இருக்கும் இடத்தில் வாங்கி லாபம் பார்க்க வழியே இல்லை. பண விலையும் பாயிண்ட் விலையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும் இடத்தில்தான் ஆதாயம் ஒளிந்திருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் கணக்குப் போதும். அதே அறைக்கு, அதே தேதிக்கு, அதே கேன்சல் விதியோடு உறுப்பினர் சலுகை விலை எவ்வளவு என்று பாருங்கள். வரி, கட்டணம் எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைத் தேவைப்படும் பாயிண்ட்டால் வகுத்தால் வருவது நீங்கள் வாங்கிய விலையைவிடக் கணிசமாக அதிகமாக இருக்க வேண்டும். காலை உணவோடு சேர்ந்த விலையையோ, சலுகை எதுவும் கழிக்காத விலையையோ எடுத்து வகுத்தால் எல்லாமே லாபமாகத்தான் தெரியும்.

நியூயார்க்கில் ஒரு ஹில்டன் அறை இரவுக்கு 250 டாலர் அல்லது 60,000 பாயிண்ட் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் அறை வரி 14.75 சதவீதம், அதற்கு மேல் இரவுக்கு 3.50 டாலர். மொத்தம் சுமார் 290 டாலர். அரை சென்ட் விற்பனையிலேயே 60,000 பாயிண்ட் வாங்க 300 டாலர் ஆகும். ஓர் இரவுக்கு என்றால் பத்து டாலர் நஷ்டம்!

அதே அறையில் ஐந்து இரவு தங்கிப் பாருங்கள். ஹில்டனில் சில்வர் அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்பினர் தகுதி இருந்தால், ஸ்டாண்டர்ட் அறையை முழுக்கப் பாயிண்ட்டிலேயே பிடிக்கும்போது ஐந்தாவது இரவு இலவசம். 3,00,000-க்குப் பதில் 2,40,000 பாயிண்ட், அதாவது 1,200 டாலர். பணமாகக் கொடுத்தால் 1,452 டாலர். மிச்சம் 252. இதிலும் ஒன்றைக் கழிக்க வேண்டும். பணம் கொடுத்துத் தங்கினால் சில்வர் உறுப்பினருக்கு டாலருக்கு 12 பாயிண்ட் வீதம் 15,000 பாயிண்ட் கிடைத்திருக்கும், அதன் மதிப்பு 75 டாலர். நிஜமான மிச்சம் 177 டாலர். அந்த ஹோட்டல் தினசரி ரிசார்ட் கட்டணமும் வாங்குமானால் மிச்சம் இன்னும் கூடும், ஏனென்றால் பாயிண்ட்டில் தங்குபவரிடம் ஹில்டனும் ஹயாத்தும் அதை வாங்குவதில்லை. மேரியட் வாங்கும்.

ஆக, விற்பனையைவிட ஐந்தாவது இரவுதான் முக்கியம். சில்வர் தகுதிக்கு ஆண்டில் 10 இரவு அல்லது 4 முறை தங்கினால் போதும். பாயிண்ட் வாங்குவதால் தகுதி உயராது. மேரியட்டில் எந்தத் தகுதியும் இல்லாமலே ஐந்துக்கு நான்கு கணக்கு உண்டு.

இந்தியாவிலிருந்து வாங்குபவர்களுக்குத் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. பாயிண்ட் விற்பனை டாலரில். கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால், அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 4.13 சதவீதம். வெளிநாட்டு ஹோட்டலுக்குப் பணம் கட்டினாலும் இதே கட்டணம் விழும், எனவே இரண்டுக்கும் சரியாகிவிடுகிறது. உள்நாட்டு ஹோட்டலுக்கு வாங்கினால் மட்டும் இது முழுச் சுமை. மறுபக்கம், இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சமாகும். அதற்குக் கீழே என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான், அங்கே பாயிண்ட் வாங்கிப் பெரிதாக எதுவும் தேறாது. சாதாரண வார இறுதியில் இந்திய நகர ஹோட்டலுக்காக வாங்குவது பெரும்பாலும் வீண் என்பது என் கருத்து.

வாங்கும் இடத்தில் சிக்கல்கள் சில. பல நிறுவனங்களின் பாயிண்ட் விற்பனையை பாயிண்ட்ஸ்.காம் என்ற வேறொரு நிறுவனம்தான் நடத்துகிறது. ஆகவே ஹோட்டல் செலவுக்கு என்று கார்டு தரும் கூடுதல் ரிவார்டு பெரும்பாலும் கிடைக்காது. புதிய இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை மூடியே இருக்கும். வங்கி ஆப்பில் முதலில் அதைத் திறந்து, லிமிட்டையும் பாருங்கள். இனிஷியல் சிக்கலும் நமக்கு உண்டு: கார்டில் ஒரு பெயர், உறுப்பினர் கணக்கில் ஒரு பெயர் என்றால் ஆர்டர் சோதனைக்கு நின்றுவிடக்கூடும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வது நல்லது. புதுக் கணக்கில் உடனே வாங்க விடாத திட்டங்கள் இருப்பதால், இலவசம்தானே, கணக்கை மட்டும் இன்றைக்கே தொடங்கிவிடுங்கள். போனஸ் சதவீதமும் ஆளுக்கு ஆள் மாறும், லாகின் செய்த பிறகு காட்டுவதுதான் உங்களுக்கான விலை. குறைந்தபட்சம் இத்தனை வாங்கினால்தான் போனஸ் என்ற நிபந்தனையையும் படித்துவிடுங்கள்.

ஹில்டனில் ஒருவர் வாங்கக்கூடிய பாயிண்ட்டின் வழக்கமான ஆண்டு வரம்பு போனஸ் சேராமல் 80,000. விற்பனைக் காலத்தில் சிலசமயம் உயர்த்துவார்கள். மேலே சொன்ன 2,40,000-க்கு 1,20,000 வாங்க வேண்டும். கணவனும் மனைவியும் ஆளுக்கு 60,000 வாங்கி, பூலிங் வசதியில் ஒரே கணக்குக்கு மாற்றிக்கொண்டால் வேலை முடிந்தது. இதற்குக் கட்டணம் இல்லை.

வாங்குவதற்கு முன் அந்தத் தேதிகளில் 'ஸ்டாண்டர்ட் ரூம் ரிவார்டு', அதாவது வழக்கமான பாயிண்ட் விலையில் சாதாரண அறை, இருக்கிறதா என்று பாருங்கள். அது தீர்ந்துபோனால் தளம் 'பிரீமியம்' விலையைக் காட்டும். பாயிண்ட் பல மடங்கு போகும், ஐந்தாவது இரவும் இலவசமாகாது. மாலத்தீவு என்றால் பாயிண்ட்டில் அடங்குவது அறை மட்டுமே. கடல்விமானமோ படகோ தனிச் செலவு, இருவருக்கே அது கணிசமான தொகை.

ஒரு அறைக்குக் கேட்கும் பாயிண்ட்டை முன்னறிவிப்பின்றி ஏற்றுவதும் உண்டு. வாங்கிய பணம் திரும்பாது, புக்கிங்கை ரத்து செய்தால் பாயிண்ட்தான் கணக்குக்கு வரும். அதனால் சேமித்து வைப்பதற்காக வாங்காதீர்கள். ரத்து செய்யக்கூடிய பண விலையில் முதலில் அறையைப் பிடித்து வையுங்கள். விற்பனை வந்ததும் பாயிண்ட் அறை இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, பாயிண்ட்டில் புக் செய்து, அதன் பிறகே பழைய புக்கிங்கை ரத்து செய்யுங்கள். பாயிண்ட் பெரும்பாலும் சில நிமிடங்களில் வரும், ஓரிரு நாள் ஆவதும் உண்டு. ரத்து செய்யும் கெடுவுக்கு முதல் நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.