அம்மாவின் பொருத்தனை, என் முட்டி

என் மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. அப்போது அம்மா யாரையும் கேட்காமல் ஒரு பொருத்தனை வைத்துவிட்டார். பேத்திக்குப் பிள்ளை பிறந்தால் வேளாங்கண்ணியில் முடி காணிக்கை, கூடவே மாதா குளம் வரை முட்டிபோட்டு நடப்பது. வைத்தவருக்கு வயது 78, இரண்டு முட்டியும் எப்போதோ போயாச்சு. கடன் யார் தலையில் விழும் என்று சொல்லவா வேண்டும்.

இதோ அதோ என்று தள்ளிப்போய், பையனுக்கு மூன்று வயது முடிந்த பிறகுதான் கிளம்பினோம். ஆகஸ்ட் 29 கொடியேற்றினால் செப்டம்பர் 8 வரை கால் வைக்க இடம் இருக்காதே என்று ஜனவரியில் போனால், அன்றைக்கும் அதே கூட்டம். வேன் நிற்பதற்குள் ரூம் வேணுமா என்று நாலு பேர் கதவைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு ஆள் அம்மாவின் மடியில் மெழுகுவர்த்திக் கட்டை வைத்துவிட்டு, சொன்ன விலை தராமல் நகரவே மாட்டேன் என்கிறான்.

அம்மாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கோயிலுக்கு பசிலிக்கா, அதாவது பேராலயம் என்ற பட்டம் கிடைத்த 1962-இல் தாத்தாவோடு தஞ்சாவூரிலிருந்து நடந்து வந்த கதையை ஆரம்பித்துவிட்டார். அங்கே நடுத்திட்டில் மோர் விற்ற கால் நடக்காத பையனிடம் மாதா தன் குழந்தைக்கு மோர் கேட்ட கதையையும் கொள்ளுப்பேரனுக்குச் சொன்னார். முழுதும் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்: "மாதா பாப்பாவுக்கு மோர் புடிச்சுதா?"

மொட்டை போட்டு, சந்தனம் தடவி, மணலில் முட்டி போட்டேன். நிறைய ஜெபிக்கலாம் என்று நினைத்திருந்தேன், வலியைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. பத்தடி என்னோடு முட்டிபோட்டு வந்த பையன், அப்புறம் என் முதுகில் ஏறிக்கொண்டான். அம்மா பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே, நடுநடுவே "மெதுவா போடி, யாரு துரத்துறா" என்று அதட்டல் வேறு.

எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாகப் பெரியவர்களிடம் கைகூப்பி ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும், அவர்கள் நெற்றியில் சிலுவை போடுவார்கள். அம்மாவின் கட்டைவிரலில் வெங்காய வாசனை இருக்கும். என் மகள் பத்தாவது படிக்கையில் கோபித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லாமலே படுத்துவிடுவாள், தூங்கின பிறகு போய்ப் போட்டுவிட்டு வருவேன். இன்றைக்கு அவள் தன் பையனுக்குப் போடுகிறாள்.

திரும்பப் பேராலயத்துக்குள் போனோம். பின்னால் தள்ளுகிற தள்ளில் நிற்க முடியவில்லை. பையனைக் கீழே இறக்கிவிட்டதும் கைகூப்பி, "ஸ்தோத்திரம் மாதா" என்றான். சொல்லிவிட்டு, சந்தனம் காயாத மொட்டைத் தலையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றான். என்ன செய்கிறான் என்று முதலில் புரியவில்லை. மாதா இறங்கி வந்து சிலுவை போடுவார் என்று காத்துக்கொண்டு நிற்கிறான்! நகருங்க நகருங்க என்கிறார்கள், அவன் அசையவில்லை. அம்மாதான் நாற்காலியிலிருந்து எட்டி, நடுங்குகிற விரலால் அந்தச் சந்தனத்தின் மேலேயே சிலுவை போட்டார். அதன் பிறகுதான் நகர்ந்தான்.

மாதாவிடம் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் பட்டியல் போட்டு வைத்திருந்தேன், ஒன்றுகூட வாயில் வரவில்லை. தாயே, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று அழுதுகொண்டே வெளியே வந்தேன்.

முட்டியில் தோல் உரிந்த இடம் இன்னும் ஆறவில்லை. நேற்று அம்மா என் மகளிடம் போனில், இவனுக்கு ஒரு தங்கச்சி வேணாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பயந்துபோய், "அம்மா, இன்னொரு பொருத்தனை ஏதும் வச்சிருக்கீங்களா?" என்றேன். பதிலே இல்லை.